அனுபவம் என்று எதைச் சொல்வது?

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்டத் தொழிலாளியின் மகள் நான். பி.எஸ்சி. வேதியியல் முடித்திருக்கிறேன். ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் ஆய்வக உதவியாளர் நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார்கள். விடுமுறைகளில் அப்பாவோடு காப்பிக் களத்தில் நின்றிருக்கிறேன். வேறு அனுபவம் இல்லை. என்னைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது?
– வாசகி, ஏற்காடு

பதில்: களத்தில் நின்றதையே முதலில் சொல்லுங்கள். சேகோ ஆலை, அதாவது ஜவ்வரிசி ஆலை, ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். ஆள் எடுக்கும் இடத்திலும் உட்கார்ந்திருக்கிறேன். காப்பிக்கொட்டையைக் கடித்துப் பார்த்துக் காய்ந்தது போதுமா என்று அப்பா சொல்வாரே, அதைச் சொல்லுங்கள். ஈரம் சுமார் 10 சதவீதத்துக்கு இறங்க வேண்டும் என்பதையும், இறங்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

அடுத்து ஈரப்பதச் சோதனையைக் கட்டாயம் கேட்பார்கள். மாதிரியை எடைபோட்டு, 105 டிகிரி உலர்த்தியில் எடை குறைவது நிற்கும்வரை வைத்து, டெசிகேட்டர் என்ற ஈரம் புகாத மூடிய கலத்தில் ஆறவிட்டு மறுபடி எடைபோடுவது எல்லாருக்கும் மனப்பாடம். ஏன் டெசிகேட்டர் என்றால் பலர் விழிப்பார்கள். வெளியில் ஆறவிட்டால் மாதிரி காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சூட்டோடு வைத்தால் தராசு நிலையாகக் காட்டாது. ஒவ்வொரு படிக்கும் காரணத்தோடு படியுங்கள்.

நான் தவறாமல் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. கிழங்கு லாரி வந்து நிற்கிறது, மாவுச்சத்து அளவு சந்தேகமாக இருக்கிறது, என்ன செய்வீர்கள்? ஜவ்வரிசிக்கு மூலப்பொருளான குச்சிக்கிழங்குக்கு (மரவள்ளி), மாவுச்சத்தின் அளவைக் குறிக்கும் பாயின்ட் கணக்கில்தான் விலை. நீங்கள் குறிக்கும் எண்ணில் ஒரு குடும்பத்தின் ஆண்டு உழைப்பு இருக்கிறது. லாரியின் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் மறுமாதிரி எடுத்து, விவசாயியின் கண்ணெதிரே அளப்பேன் என்பவரைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். பதிலை மட்டும் சொல்லாதீர்கள், மனதார நம்பிச் சொல்லுங்கள்.

ஆங்கிலம் பற்றி அஞ்ச வேண்டாம். ஆலையில் பேச்சு தமிழில்தான். சோதனைகளின் ஆங்கிலப் பெயர்களைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தால் போதும்.

காலை நேர்காணல் என்றால் முந்தைய நாளே சேலம் இறங்கி உறவினர் வீட்டில் தங்குங்கள். 20 கொண்டை ஊசி வளைவு, பனிமூட்டம், பிறகு ஆத்தூர் பஸ் என்று அலைந்து களைத்துப்போய் உட்காரக் கூடாது. இரவு ஷிப்ட் உண்டா, பெண்களுக்கு வண்டி ஏற்பாடு உண்டா என்று நேர்காணல் முடிந்து கிளம்புவதற்குள் நீங்களே கேளுங்கள். அதைக் கேட்டதற்காக நான் யாரையும் ஒதுக்கியதில்லை.