டேமேஜ் பீஸை ஒளித்து வைக்கிறார்கள், பொறுப்பு எப்படி வரும்?

கேள்வி: திருப்பூரில் 70 பேர் வேலை செய்யும் பனியன் கம்பெனி நடத்துகிறேன். போன வருடம் ‘தரம், நேர்மை, மரியாதை, கூட்டு உழைப்பு’ என்று நான்கு கொள்கைகளை போர்டில் எழுதி வாசலில் மாட்டினோம். எல்லோரும் சேர்ந்து உறுதிமொழியும் எடுத்தோம். ஆனால் எதுவும் மாறவில்லை. டேமேஜ் பீஸைப் பண்டலுக்கு அடியில் சொருகி வைக்கிறார்கள். கேட்டால் டெய்லர் கட்டிங்கைக் கை காட்டுகிறார், கட்டிங் மாஸ்டர் துணியைக் கை காட்டுகிறார். இவர்களுக்குப் பொறுப்பு வர நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. கடைசியாக ஒருவர் தானாக வந்து, “அண்ணா, தப்பா தைச்சுட்டேன்” என்று சொன்னது எப்போது? சொன்னவருக்கு அந்த வாரச் சம்பளத்தில் என்ன நடந்தது? நிதானமாக யோசித்துப் பாருங்கள். உங்கள் கம்பெனியின் உண்மையான கொள்கை அங்கேதான் இருக்கிறது.

நான் செக்கிங்கில் இருந்த காலத்தில் ஒரு யூனிட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டர். மடிப்புத் தைக்கும் பேட்லாக் மிஷினில் ஊசி முனை மழுங்கி, கீழ் மடிப்பு முழுக்கப் பொடிப்பொடியாக ஓட்டை. துணியை இழுத்துப் பிடித்தால்தான் தெரியும். தைத்த அக்காவுக்குப் பத்தாவது பீஸிலேயே தெரிந்துவிட்டது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. கிட்டத்தட்ட முந்நூறு பீஸ் போன பிறகு செக்கிங் டேபிளில்தான் பிடித்தோம். ஏன் அக்கா சொல்லவில்லை என்று தனியாகக் கேட்டேன். “போன வாரம் பக்கத்து மிஷின் பொண்ணு சொன்னா. சனிக்கிழமை இருநூறு ரூபா புடிச்சுட்டாங்க. நான் எதுக்குச் சொல்லணும்?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அந்த யூனிட்டிலும் வாசலில் போர்டு இருந்தது. ஆனால் எல்லோரும் பாடம் படித்தது சனிக்கிழமைச் சம்பளக் கவரிலிருந்து.

இது சின்ன கம்பெனிகளில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவின் என்ரான் நிறுவனம் மரியாதை, நேர்மை, கலந்து பேசுதல், மேன்மை என்று நான்கு கொள்கைகளை வைத்திருந்தது. கணக்கு மோசடி வெளியே வந்து, 2001 டிசம்பரில் திவாலானது.

இப்போது உங்கள் தொழிலுக்குப் பக்கத்திலிருந்து ஒரு விஷயம். டொயோட்டா கார் கம்பெனியின் வேர் தறியில் இருக்கிறது. சகிச்சி டொயோடா தானாக ஓடும் தறிகளைச் செய்தவர். 1924இல் வந்த அவருடைய தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். ஒரு ஓட்டையோடு நூறு மீட்டர் துணி ஓடுவதைவிட, நின்று சரிசெய்வது மேல் என்ற கணக்கு. அதே யோசனைதான் கார் ஆலைக்கும் போனது. அங்கே லைனில் நிற்கும் எவரும் கோளாறு கண்டால் தலைக்கு மேலே இருக்கும் கயிற்றை இழுக்கலாம். டீம் லீடர் ஓடி வருவார். குறித்த நேரத்துக்குள் தீராவிட்டால் லைன் நிற்கும்.

நிட்டிங் மிஷினும் இப்படித்தானே? நூல் அறுந்தால் மிஷின் நிற்கிறது, விளக்கு எரிகிறது. மிஷினை யாரும் திட்டுவதில்லை. நூலை முடிந்து மறுபடி ஓட விடுகிறோம். மிஷினுக்குக் கொடுக்கும் அந்த உரிமையை மிஷினில் உட்காரும் மனிதருக்கும் கொடுங்கள்.

“ஆளுங்க சரியில்லை” என்று சொல்லும் முதலாளிகளிடம் நான் ஃப்ரீமான்ட் கதையைச் சொல்வேன். கலிபோர்னியாவில் அந்த ஊரில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 1982இல் மூடப்பட்டது. லீவும் சண்டையும் மோசமான தரமும்தான் அதன் பெயர். 1984இல் டொயோட்டாவோடு சேர்ந்து திறந்தார்கள். பழைய தொழிலாளர்கள்தான் பெரும்பாலும் திரும்ப வந்தார்கள், யூனியனும் அதே. கொஞ்ச காலத்தில் அங்கே வந்த கார்களின் தரம் பேசப்பட்டது. ஆட்கள் மாறவில்லை, அவர்களை நடத்திய விதம் மாறியது.

சரி, உங்கள் யூனிட்டில் எங்கே ஆரம்பிப்பது? பீஸ் ரேட்டில். இதைத் தொடாமல் வேறு எதைச் செய்தாலும் நிற்காது. டெய்லருக்கு நீங்கள் காசு கொடுப்பது எண்ணிக்கைக்கு. மிஷினை நிறுத்தி, சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, மெக்கானிக் வந்து ஊசி மாற்றும் இருபது நிமிடம் அவருக்கு நஷ்டம். நேர்மையாக இருப்பதற்கு அவர் தன் கூலியைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதனால், சொல்லி நிறுத்திய நேரத்துக்கு அவருடைய சராசரிக் கணக்கில் காசு கொடுங்கள். ஒரு நோட்டில் நேரம், காரணம், எத்தனை நிமிடம் என்று எழுதினால் போதும். ஒரு மாதம் கழித்து அந்த நோட்டைப் புரட்டினால் எந்த மிஷின், எந்தத் துணி லாட் தொல்லை தருகிறது என்பது தெரியும். அந்தக் கணக்கு உங்களுக்கு லாபம்.

அபராதத்தை இன்றோடு நிறுத்துங்கள். சட்டமும் இதில் கண்டிப்பானது. எந்தத் தவறுக்கு அபராதம் என்று முன்பே அறிவிப்புப் போட்டிருக்க வேண்டும், தொழிலாளி விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும், தொகை அந்தச் சம்பளக் காலக் கூலியில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கவரிலிருந்து வாய்மொழியாக இருநூறு பிடிப்பதற்கு அதில் இடமே இல்லை.

அப்புறம் அந்தக் கை காட்டுகிற பழக்கம். இரண்டு பிரிவுக்கு நடுவில் சரக்கு கை மாறும் இடத்தில் எல்லை தெளிவாக இல்லை என்பதுதான் காரணம். கட்டிங்கிலிருந்து பண்டல் வரும்போது சைஸ், லாட், எண்ணிக்கை எழுதிய சீட்டோடு வரட்டும். வாங்குகிறவர் மேலிருந்து ஐந்து பீஸை அளந்து, ஷேடு பார்த்து, கையெழுத்துப் போட்டு வாங்கட்டும். அளவும் ஷேடும் சரியில்லை என்றால் வாங்காமல் திருப்பலாம், சூப்பர்வைசர் உட்பட யாரும் அதைத் தட்டக் கூடாது. வாங்கிய பிறகு அந்த இரண்டுக்கும் வாங்கியவர் பொறுப்பு. யார் எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது தெரிந்துவிட்டால் பாதிச் சண்டை அடங்கும்.

லைனுக்குள்ளே இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு மிஷினிலும் ஏழு பீஸ் பார்த்து, பச்சை, மஞ்சள், சிவப்புக் கார்டு வைக்கும் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிவப்பு வந்தால் உதவி வர வேண்டும், திட்டு வரக் கூடாது. இது முக்கியம், ஏனென்றால் கடைசி இன்ஸ்பெக்ஷனில் பிடிப்பது ரொம்பத் தாமதம். 3,000 பீஸ் லாட்டில் ஏ.க்யூ.எல் 2.5 கணக்கில் (எவ்வளவு டேமேஜ் வரை ஏற்கலாம் என்ற அளவுகோல் அது) 125 பீஸ் எடுப்பார்கள். 7 டேமேஜ் வரை பாஸ், 8 வந்தால் லாட் பெயில்.

போர்டில் இருக்கும் நான்கு வார்த்தைகளை இரண்டாகக் குறைத்து, அவற்றைச் செயலாக எழுதுங்கள். ‘தரம்’ என்பதை “மூன்று பீஸ் தொடர்ந்து தப்பாக வந்தால் மிஷினை நிறுத்திக் கை தூக்கு” என்று எழுதலாம். என்ன எழுதுவது என்பதை டீ நேரத்தில் பிரிவு பிரிவாக உட்கார்ந்து அவர்களிடமே கேளுங்கள். ஒடிசா, பீகார்ப் பிள்ளைகள் இருந்தால் ஒடியாவிலும் இந்தியிலும் எழுதுங்கள்.

அதே போர்டில் உங்கள் வாக்கையும் போடுங்கள். ‘லேபிள் செவ்வாய்க்கிழமை வரும்’ என்று எழுதி, வராவிட்டால் ஏன் வரவில்லை என்று எல்லோர் முன்னாலும் நீங்களே சொல்லுங்கள். முதலாளி ஒரு முறை தன் தவறைச் சொல்லிவிட்டால், பத்து மீட்டிங் செய்யாததை அது செய்யும். ‘மரியாதை’க்கும் இதே அளவுகோல்தான். உற்பத்தியை அள்ளித் தரும் சூப்பர்வைசர் பெண்களிடம் கேவலமாகப் பேசினால், அவரை என்ன செய்கிறீர்கள் என்பதை 70 பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகார்களுக்கான உள்ளகக் குழு 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். இன்னும் அமைக்கவில்லை என்றால் அதையும் இந்த மாதமே செய்துவிடுங்கள்.

கண்டிப்பே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். தெரியாமல் செய்தவருக்குக் கற்றுக்கொடுங்கள், கவனம் இல்லாதவரை எச்சரியுங்கள், தெரிந்தே ஒளித்தவர் மீது நடவடிக்கை எடுங்கள். ஆனால் அந்த மூன்றாவதை, சொன்னவர் யாருக்கும் காசு போகவில்லை என்பதை எல்லோரும் இரண்டு மாதமாவது கண்ணால் பார்த்த பிறகு ஆரம்பியுங்கள். ஒளிக்கச் சொன்னது சூப்பர்வைசர் என்றால், முதல் நடவடிக்கை அவர் மீது.

ஒன்றை மட்டும் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரிடமும் செக்கிங் இன்சார்ஜிடமும் இப்போதே சொல்லி வையுங்கள். முதல் சில வாரம் டேமேஜ் எண்ணிக்கை கூடும். எல்லாம் இதுவரை பண்டலுக்கு அடியில் கிடந்த பீஸ்தான். அந்த எண்ணைப் பார்த்து யாரும் சத்தம் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.