அம்மா கேட்ட கேள்வி

அன்புள்ள அக்கா,

அமெரிக்கக் கவிஞர் ஆட்ரி லார்டின் புற்றுநோய்க் குறிப்புகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். போன வருடம் அம்மாவுக்கு இடது மார்பை எடுத்துவிட்டார்கள். வெளியே கிளம்பினால் துணியைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டுதான் போகிறார். கேட்டு முடித்ததும், "அந்த அம்மாவுக்குத் துணையாக யார் இருந்தார்கள்?" என்றார். லார்ட் பெண்களைக் காதலித்தவர் என்று நீங்கள் எழுதியிருந்த பத்தியை நான் வாசிக்காமல் தாண்டியிருந்தேன். அதனால் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டேன். நோயைப் பற்றிப் பேசும்போது அந்த விஷயம் தேவைதானா, அக்கா? கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ம.

அன்புள்ள ம.,

கோபம் துளியும் இல்லை. அம்மாவின் கேள்விதான் இரண்டு நாட்களாக என்னோடே இருக்கிறது.

1978 செப்டம்பரில் நியூயார்க்கில் லார்டின் வலது மார்பை அகற்றினார்கள். அப்போது அவருக்கு வயது 44. மருத்துவமனையில் படுத்திருக்கும்போதே ஒரு தன்னார்வலர் பார்க்க வருகிறார். அவரும் இதே நோயைக் கடந்து வந்தவர். கையில் ஆட்டு ரோமத்தை அழுத்திச் செய்த மார்புத் திண்டு ஒன்று, வெளிர் ரோஜா நிறத்தில். இதை வைத்துக்கொண்டால் வித்தியாசமே தெரியாது என்று நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆண்களைப் பற்றியும் பேசுகிறார். லார்டின் மனதில் ஓடியதோ வேறு: ஒரு மார்போடு இன்னொரு பெண்ணைத் தழுவினால் எப்படி இருக்கும்? அதை வந்தவரிடம் கேட்க வழியே இல்லை. அவர் போன பிறகு திண்டை வைத்துப் பார்க்கிறார். கோணலாக, உயிரில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. நிறமும் அவருடையதல்ல, லார்ட் கறுப்பினப் பெண்.

அந்தத் திண்டைச் செய்தவர்களின் மனதில் இருந்த நோயாளி வெள்ளைத்தோல்காரி. அவள் வீடு திரும்பக் காத்திருப்பவன் ஓர் ஆண். லார்டின் காதலை நாம் தாண்டிப் போனால், அந்த ஒரு கைப்பிடி ரோமம் அவரை ஏன் அப்படி வதைத்தது என்பது நமக்குப் புரியவே புரியாது.

பத்தாம் நாள் தையல் பிரிக்கப் போகிறார். தலைகுளித்து, நல்ல உடை உடுத்தி, வேண்டுமென்றே ஒரு காதில் மட்டும் தொங்கட்டான் அணிந்து. திண்டு வைக்காமல் வந்தால் இங்கே வருகிற மற்றவர்களின் மனம் தளர்ந்துவிடும் என்கிறார் செவிலி. அந்த இடத்தில் லார்டுக்கு இஸ்ரேலின் படைத்தலைவராக இருந்த மோஷே தயான் நினைவுக்கு வருகிறார். போரில் கண்ணை இழந்து கறுப்புப் பட்டையோடு நடமாடியவர். கண்ணாடிக் கண் வைத்துக்கொண்டு வா என்று அவரிடம் யாரும் சொன்னதில்லையே என்று கேட்கிறார். 1980-இல் இவையெல்லாம் புத்தகமாக வந்தன. இன்றும் என்னால் அந்தப் பக்கத்தைச் சாதாரணமாகக் கடக்க முடிவதில்லை.

அம்மாவின் துணிச்சுருளை நான் குறை சொல்லவில்லை. தானே யோசித்து வைத்துக்கொள்கிறவர்களை லார்டும் பழிக்கவில்லை. இழந்ததற்காக அழுது முடிப்பதற்குள் மறைத்துக்கொள் என்று அவசரப்படுத்துவதைத்தான் அவர் எதிர்த்தார். அம்மாவுக்கு அழ நேரம் கிடைத்ததா என்று மட்டும் எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

அம்மா கேட்டதற்குப் பதில் உண்டு. பத்தாண்டுகளாகச் சேர்ந்து வாழ்ந்த ஃபிரான்சிஸ் என்ற பெண் இருந்தார். பிள்ளைகள் இருவர், தோழிகள் பலர். அந்தப் பெண்களின் அன்புதான் தன்னைத் தாங்கியது என்று லார்டே எழுதியிருக்கிறார். அம்மாவிடம் ஃபிரான்சிஸின் பெயரைச் சொல்லுங்கள். "அது யார்?" என்று கேட்டால், தாண்டிய பத்தியை எடுத்து வாசியுங்கள்.

அன்புடன்,
அக்கா