பதின்ம வயதின் மனநிலை: ஒரு மனநல ஆலோசகரிடம் கேள்வி பதில்

என் மகனுக்கு 15 வயது. கலகலப்பாக இருந்தவன் இரண்டு மாதமாக எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான், அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான். வயசுக் கோளாறா, மனச்சோர்வா?

மனச்சோர்வு என்றதும் மூலையில் உட்கார்ந்து அழுவதைத்தான் நினைக்கிறோம். இந்த வயதில் அது பல நேரம் எரிச்சலாகத்தான் வெளியே வரும். கதவைச் சாத்துவது மட்டும் என்றால் நான் கவலைப்பட மாட்டேன். தனக்கென்று ஓர் இடம் கேட்பது அந்த வயதின் இயல்பு. நான் பார்ப்பது வேறு. நண்பர்களையும் ஒதுக்கிவிட்டானா? ஆசையாகச் செய்தது எதுவும் இப்போது பிடிக்கவில்லையா? தூக்கமும் பசியும் மாறியிருக்கின்றனவா? இவற்றில் சில சேர்ந்து, பெரும்பாலான நாள்களில், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் தாமதிக்காமல் அழைத்துப் போங்கள். மனநலச் சிக்கல்களில் ஏறத்தாழ பாதியளவு 18 வயதுக்குள்ளேயே தொடங்குகின்றன. "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று காத்திருந்து, பல வருடம் கழித்து வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கனத்துப்போகிறது.

அப்புறம், எதிரே உட்காரவைத்து "உனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்றுதான் பதில் வரும். சேர்ந்து நடக்கும்போதோ, வண்டியில் போகும்போதோ பேச்சுக் கொடுங்கள். முகத்துக்கு நேரே பார்க்கத் தேவையில்லாதபோது பிள்ளைகளுக்கு வாய் திறப்பது எளிது. அவன் சொல்லத் தொடங்கியதும் அறிவுரையை ஆரம்பித்துவிடாதீர்கள்.

எனக்கு 16 வயது. இரவு ஒரு மணி வரை தூக்கம் வருவதில்லை. காலையில் எழ முடியவில்லை. வீட்டில் சோம்பேறி என்கிறார்கள்.

நீ சோம்பேறி இல்லை. பருவ வயதில் உடலின் கடிகாரமே தள்ளிப்போகிறது. தூக்கத்துக்கு வழிவிடும் மெலடோனின் முன்பைவிடத் தாமதமாகத்தான் சுரக்கும். உனக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும், பள்ளி நேரமோ அதற்கு இடம் தருவதில்லை. போனைப் படுக்கையிலிருந்து தள்ளி வை. விடுமுறையிலும் எழும் நேரத்தை ரொம்ப மாற்றாதே. எழுந்ததும் வெளிச்சத்தில் போய் நில். ஆனால் தூங்கவிடாமல் செய்வது ஏதாவது கவலை என்றால், அதை ஒருவரிடம் சொல்லாமல் இந்த யோசனைகள் மட்டும் போதாது.

வகுப்பில் திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, செத்துவிடுவேன் என்று தோன்றியது. இதயத்தில் கோளாறு இல்லை என்றார் மருத்துவர். அன்றிலிருந்து அந்த வகுப்புக்கே போவதில்லை.

இதயத்தைப் பரிசோதித்துக்கொண்டது நல்லது. நீங்கள் சொல்வது பேனிக் அட்டாக் போலத்தான் இருக்கிறது. ஆபத்தே இல்லாத இடத்தில் உடல் அபாய மணியை அடித்துவிடுகிறது. அட்ரினலின் பாய்கிறது, மூச்சு வேகமாகிறது. அதனால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றுகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன. பயங்கரமாக இருக்கும். ஆனாலும் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுத் தானாக இறங்கும். அந்த நேரத்தில் மூச்சை உள்ளே இழுப்பதைவிட மெதுவாக, நீளமாக வெளியே விடுவதில் கவனம் வையுங்கள்.

என் கவலை வகுப்புக்குப் போகாததைப் பற்றித்தான். தவிர்க்கும்போது உடனே நிம்மதி கிடைக்கிறது, அந்த நிம்மதிதான் பயத்தை வளர்க்கிறது. "போகாததால் தப்பித்தேன்" என்று மூளை கற்றுக்கொள்ளும். முதலில் வாசல்வரை போங்கள். அப்புறம் கடைசி வரிசையில் பத்து நிமிடம். இப்படிப் படிப்படியாகத் திரும்புவதுதான் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையில் (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் பேச்சுவழிச் சிகிச்சை) நாங்கள் செய்யும் முக்கியமான வேலை.

தோழி ஒருத்தி, "நான் இல்லாவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை" என்கிறாள். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். தற்கொலை பற்றிக் கேட்டால் நானே அந்த நினைப்பை ஊட்டிவிடுவேனோ?

மாட்டீர்கள். இதை ஆய்வு செய்தவர்களும் அதைத்தான் கண்டிருக்கிறார்கள். சுற்றிவளைக்காமல், "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" என்று இன்றைக்கே கேளுங்கள். பலருக்கு அந்தக் கேள்வியே ஆறுதல். தனியாகச் சுமந்ததை இறக்கிவைக்க ஓர் ஆள் கிடைக்கிறார். "ஆமாம்" என்றால் பதறாமல் கேளுங்கள், "உனக்கு என்ன குறை?" என்று வாதாடாதீர்கள். வழியை யோசித்து வைத்திருக்கிறாளா என்றும் கேளுங்கள். இருந்தால் அவளைத் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரை எதுவானாலும் அவள் கைக்கு எட்டாமல் பெரியவர் ஒருவர் அகற்றட்டும். அவசர உதவி எண்ணையோ மருத்துவமனையையோ உடனே நாடுங்கள்.

அந்தச் சத்தியத்தை மீறுங்கள். அவள் கோபித்துக்கொள்ளலாம், சில மாதம் பேசாமலும் இருக்கலாம். "உன்னை இழக்க எனக்கு மனசில்லை, அதனால் சொல்லப்போகிறேன்" என்று அவளிடமே சொல்லிவிட்டு, நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் போங்கள். இந்தப் பாரத்தை நீங்கள் ஒருவர் மட்டும் தாங்கக்கூடாது.

மகளுக்கு மனச்சோர்வு மாத்திரை எழுதியிருக்கிறார்கள். அடிமையாகிவிடுவாளா?

போதைப்பொருள்போல அது ஏங்கவைப்பதில்லை. பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களில் சிலருக்குத் தொடக்க வாரங்களிலும் அளவை மாற்றும்போதும் தற்கொலை எண்ணம் கூடலாம், அப்போது கூடவே இருந்து கவனியுங்கள். தேறிவிட்டாள் என்று நீங்களாகத் திடீரென நிறுத்திவிடாதீர்கள்.

நான் சொல்வதை அம்மா அப்பாவிடம் சொல்லிவிடுவீர்களா? வயது 17.

பொதுவாக மாட்டேன். உன் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றாலோ, யாராவது உன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்றாலோ மட்டும் சொல்லியாக வேண்டும். அப்போதும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்ல முயல்வேன். சட்டம் இடத்துக்கு இடம் மாறும். அதனால் எந்த ஆலோசகரிடம் போனாலும் முதல் சந்திப்பிலேயே இதைக் கேள். பதில் மழுப்பலாக இருந்தால் மறுபடியும் கேள்.