கணினிக் கேள்வி பதில்: அரக்குச் சேலை ஏன் செங்கல் நிறத்தில் தெரிகிறது?

கேள்வி: சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலைகளைப் போட்டோ எடுத்து, லேப்டாப்பில் நிறம் திருத்தி, வாட்ஸ்அப் மூலம் விற்கிறேன். லேப்டாப்பில் அரக்கு நிறம் செங்கல் மாதிரி வெளிறித் தெரிகிறது. படத்தில் நிறத்தைக் கூட்டி அனுப்பினால், ‘போட்டோவில் இருந்த பளிச்சு நேரில் இல்லை’ என்று சேலை திரும்பி வருகிறது. கிராபிக்ஸ் செட்டிங்கில் சாச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தியை) ஏற்றினால் சரியாகுமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: சாச்சுரேஷனில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். திரை வெளிறிக் காட்டுகிறது. அதை நம்பி நீங்கள் படத்தில் நிறம் ஏற்றுகிறீர்கள். வாங்குபவரின் போனில் அந்த ஏற்றிய நிறம் முழுசாகத் தெரிகிறது. சேலை திரும்பி வருவது இதனால்தான்.

நானும் இப்படி ஏமாந்திருக்கிறேன். அக்கா மகளின் கல்யாணப் படங்களை ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, திரை வெளிச்சத்தை முழுக்க ஏற்றி வைத்துத் திருத்தினேன். ஆல்பம் அச்சாகி வந்தபோது முகங்களெல்லாம் இருட்டு. அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆல்பத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். அது இன்னும் எனக்கு உறுத்தல்தான்.

முதலில் சார்ஜரைச் செருகிவிட்டு அதே படத்தைப் பாருங்கள். நிறம் மாறினால், பேட்டரியை மிச்சப்படுத்தும் வசதிதான் காரணம். இன்டெல் கிராபிக்ஸ் கமாண்ட் சென்டரில் சிஸ்டம், பவர் பகுதிக்குப் போனால் ‘டிஸ்ப்ளே பவர் சேவிங்ஸ்’ இருக்கும். ஏஎம்டியில் அதற்கு ‘வேரி-பிரைட்’ என்று பெயர். படத்துக்குப் படம் பின்விளக்கைக் குறைத்து, வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள மாறுபாட்டை இழுத்துச் சமாளிக்கிற வேலை அது. அணைத்துவிடுங்கள். விண்டோஸின் ‘நைட் லைட்’டும் வேண்டாம், எல்லாவற்றையும் மஞ்சளாக்கிவிடும்.

அப்புறம் மூடியின் சாய்வு. விலை குறைந்த லேப்டாப்களில் டிஎன் வகைத் திரை நிறைய வந்தது. அதில் மூடியை நான்கு விரல்கடை பின்னால் தள்ளினாலே நிறம் மாறிப்போகும். திரை கண்ணுக்கு நேராக இருக்கட்டும்.

இனி கிராபிக்ஸ் செட்டிங். அதில் இருக்கும் ‘பிரைட்னஸ்’ வேறு, கீபோர்டில் சூரியன் படம் போட்ட பட்டன் வேறு. பட்டன் பின்விளக்கை மாற்றுகிறது. செட்டிங்கில் உள்ளதோ திரைக்குப் போகும் நிற எண்களையே (0 என்றால் கறுப்பு, 255 என்றால் உச்சம்) கூட்டிவிடுகிறது. கறுப்பு சாம்பலாகி, படம் சோகை பிடித்த மாதிரி ஆகும். யாராவது அதை ஏற்றி வைத்திருந்தால் உங்கள் வெளிறலுக்கு அதுவே போதும். டிஸ்ப்ளே, கலர் பகுதியில் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். காமா (நடுத்தர வெளிச்சம் எவ்வளவு தெரிய வேண்டும் என்கிற அளவு) 1.0 என்று நிற்க வேண்டும்.

இதற்குப் பிறகும் வெளிறியிருந்தால் காமாவைத்தான் தொட வேண்டும். ஸ்டார்ட் மெனுவில் ‘கேலிபிரேட் டிஸ்ப்ளே கலர்’ என்று தேடுங்கள். வட்டங்கள் வரும், ஒவ்வொன்றின் நடுவிலும் சின்னப் புள்ளி. அந்தப் புள்ளி வட்டத்தோடு கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை ஓரத்தில் உள்ள ஸ்லைடரை நகர்த்துங்கள். பகல் வெளிச்சத்தில், அந்தச் சேலையையே பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

சாச்சுரேஷனை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், சிவப்புக்கு உச்சம் 255. அரக்கு அந்த உச்சத்தை முட்டியதும் மேலே போக இடமில்லை. மடிப்பின் நிழலும் சுங்குடிப் புள்ளியின் ஓரமும் ஒரே சிவப்புப் பூச்சாகிவிடும். நுணுக்கமாக முடிச்சுப் போட்டவரின் வேலை அதில்தானே இருக்கிறது! தவிர, அந்த மாற்றம் உங்கள் திரையோடு சரி. அனுப்பும் படத்துக்குள் போகாது.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். லேப்டாப் விவரத்தில் ‘45 சதவீதம் என்டிஎஸ்சி’ (திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்கிற அளவு) என்று இருந்தால், ஆழ்ந்த சிவப்பை அந்தத் திரையால் காட்டவே முடியாது. எந்த செட்டிங்கும் உதவாது. அப்படியானால் கடைசிப் பார்வையைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். போனில் ‘விவிட்’ நிறத்தை அணைத்து ‘நேச்சுரல்’ போட்டு, சேலையோடு ஒப்பிட்டுவிட்டு அனுப்புங்கள்.

கேள்வி: லேப்டாப்பை எச்டிஎம்ஐ வழியே டிவியில் இணைத்தால் கறுப்பு சாம்பலாகத் தெரிகிறதே? (வாசகர், தேனி)

பதில்: லேப்டாப் கறுப்பை 16, வெள்ளையை 235 என்று அனுப்புகிறது, டிவியோ கறுப்பை 0, வெள்ளையை 255 என்று எதிர்பார்க்கிறது. கிராபிக்ஸ் செட்டிங்கில் ‘குவான்டைசேஷன் ரேஞ்ச்’ அல்லது ‘டைனமிக் ரேஞ்ச்’ என்பதை ‘ஃபுல்’ ஆக்குங்கள். கறுப்பு ஒரேயடியாக அப்பிக்கொண்டால் ‘லிமிடெட்’டுக்குத் திரும்பி, டிவியின் செட்டிங்கில் இந்த ரேஞ்சை மாற்றிப் பாருங்கள்.