தாத்தாவின் ‘சேலம் ஜில்லா’ எங்கே இருக்கிறது?

வணக்கம். ஏற்காடு காபித் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்த உங்கள் தாத்தா 1952இல் இறந்தார். அவருடைய பூர்வீகத்தைத் தேட உங்கள் கையில் இருப்பது ஒரு கிரயப் பத்திரம் மட்டுமே. அதில் ‘சேலம் ஜில்லா’ என்று போட்டிருக்கும் ஊர் சேலத்தில் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்த ஊர் இன்றைய சேலம் மாவட்டத்திலேயே இல்லாமல் இருக்கலாம். தருமபுரி 1965இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது, கிருஷ்ணகிரி 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது, நாமக்கல் 1997இல் தனியானது. ஆகவே 1952இன் ‘சேலம் ஜில்லா’ ஓசூர் வரை நீளும்! அரூர், ராசிபுரம் பக்கமும் தேடுங்கள்.

பத்திரத்தை இன்னொரு முறை நிதானமாகப் படியுங்கள். பெரும்பாலோர் சொத்து விவரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். தகப்பனார் பெயர், குடியிருப்பு, தொழில் எல்லாம் முதல் வரிகளிலேயே இருக்கும். நான்கெல்லையில் வரும் பக்கத்து நிலக்காரர் பல நேரம் பங்காளிதான். சாட்சிக் கையெழுத்துகளில் மாமன் மச்சான் யாராவது இருப்பார்கள். பின்பக்கம் சார்பதிவாளர் அலுவலக முத்திரையும் ஆவண எண்ணும் இருக்கும். அந்த ஊர் இப்போது எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறதோ, அங்கே பழைய வில்லங்கச் சான்றுக்கு (அந்தச் சொத்து கைமாறிய பதிவுகளின் பட்டியல்) மனு கொடுங்கள். கையால் தேட வேண்டியிருப்பதால் பொறுமை தேவை.

தோட்டத்தைப் பொறுத்தவரை, முதலாளி பலமுறை மாறியிருந்தால் பழைய சம்பளப் பதிவேடுகளை நம்பி மலையேறாதீர்கள். அங்கே பரம்பரையாக வேலை செய்யும் குடும்பத்துப் பெரியவர்களிடம் தாத்தாவின் பெயரைச் சொல்லி விசாரிப்பது மேல்.

முத்திரையில் உள்ள ஊர்ப்பெயரை மட்டும் இங்கே எழுதுங்கள், அது இப்போது எந்த மாவட்டம் என்று பார்த்துச் சொல்கிறேன். சர்வே எண்ணைப் பொதுவில் போட வேண்டாம்.