அந்த 'ஆமா'வ பத்தி

அன்புள்ள அண்ணா,
மூணு மாசமா ஒரு தெரபிஸ்ட்கிட்ட போறேன். போன வாரம் அப்பா செத்தத பத்தி பேசிட்டிருந்தப்ப பாதியில நிறுத்தி, ஹோம்வொர்க் எழுதிட்டு வந்தீங்களான்னு கேட்டாங்க. சிரிச்சுட்டே ஆமான்னு பொய் சொல்லிட்டு வந்துட்டேன். இனிமே போகவே பிடிக்கல. வேற முறையில பண்றவங்களா பாக்கணுமா?
(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

படிச்சதுல இருந்து அந்த 'ஆமா'தான் மனச உறுத்திட்டே இருக்கு. கனடாவுல டேவிட் ரென்னின்னு ஒரு ஆய்வாளர், தெரபி செஷன் முடிஞ்சு வந்தவங்களுக்கு அந்தப் பேச்சப் பதிவு பண்ண டேப்பையே போட்டு, இந்த இடத்துல உள்ளுக்குள்ள என்ன நினைச்சீங்கன்னு கேட்டார், 1994ல அத எழுதினார், பலரும் மனசுக்குள்ள ஒத்துக்காமலே தெரபிஸ்ட் மனசு நோகக்கூடாதுன்னு தலைய ஆட்டியிருக்காங்க. அதனால நீங்க செஞ்சது ஒண்ணும் விசித்திரம் இல்ல.

ஆனா எதிர்ல இருக்கவங்களுக்கு இது தெரியாது தம்பி. 2005ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல தெரபிக்கு வந்த 550 பேர்ல எத்தன பேரோட நிலைமை மோசமாகும்னு அவங்க தெரபிஸ்டுகளையே கணிக்கச் சொன்னாங்க, 3 பேர்னு சொன்னாங்க, உண்மையில மோசமானது 40 பேர்! இத்தனைக்கும் அக்கறையா வேலை செய்யறவங்கதான்.

முறைய மாத்தறது பத்தி கேட்டீங்க. 2018ல ஃப்ளூக்கிகர்ங்கற ஆய்வாளரும் கூட இருந்தவங்களும் 295 ஆய்வுகள சேத்துப் பாத்தாங்க, எந்த முறையா இருந்தாலும் ரெண்டு பேருக்கும் நடுவுல உறவு நல்லா இருந்தா பலனும் நல்லா இருந்துச்சு. உறவுன்னா பாசம் மட்டும் இல்ல, எட்வர்ட் போர்டின்ங்கற உளவியலாளர் 1979லயே சொல்லிட்டார், எதுக்காக வந்திருக்கோம், அதுக்கு என்ன செய்யப் போறோம்ங்கறதுலயும் ரெண்டு பேரும் ஒத்துப் போகணும். உங்களுக்கு அறுந்தது அந்த இடத்துலதான்னு எனக்குப் படுது. நீங்க அப்பாவ பத்திப் பேச வந்தீங்க, அவங்க ஹோம்வொர்க்க பாத்தாங்க.

ஜெரமி சாஃப்ரன்ங்கற உளவியலாளர் தெரபிஸ்டுக்கும் வந்தவங்களுக்கும் நடுவுல விழற இந்த மாதிரி விரிசல்கள பத்தியே வருஷக்கணக்கா வேலை செஞ்சவர். சண்டை போடறது ஒரு வகை விரிசல்னா, சிரிச்சுட்டு ஒதுங்கிக்கறதும் இன்னொரு வகைன்னு சொன்னார். அத வெளிய எடுத்துப் பேசி சரி பண்றதும் சிகிச்சையில ஒரு பகுதிதான்.

அதனால இன்னும் ஒரு தடவ போங்க. "அன்னிக்கு அப்பாவ பத்தி சொல்லும்போது நிறுத்திட்டீங்க, எனக்கு வலிச்சது, ஹோம்வொர்க்கும் நான் எழுதல"ன்னு சொல்லுங்க, வாய் வரலன்னா போன்ல டைப் பண்ணி வெச்சு அப்படியே படிங்க. அவங்க காது குடுத்துக் கேட்டா தொடருங்க. உங்க மேலயே பழி போட்டாங்கன்னா தாராளமா வேற ஆள பாருங்க, அதுல குற்ற உணர்ச்சியே வேண்டாம். போயிட்டு வந்து எழுதுங்க, காத்திருப்பேன்.