50 எம்.எம். எஃப் 1.4 லென்ஸை முழுமையாகத் திறந்து இரவில் எடுத்தால் படம் ஏன் தெளிவாக வருவதில்லை? எப்படிப் பழகுவது?

லென்ஸில் குறை இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அதைக் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும். புதிதாக வாங்கிய லென்ஸை எஃப் 1.4இல் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துளை அகலமாகத் திறக்கும்) வைத்து வீட்டு விளக்கொளியில் எடுத்த படங்களில் பாதிக்கு மேல் மங்கலாக இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். இப்படிக் கேட்பவர்களுக்கு வழக்கமாக இரண்டே அறிவுரைகள்தாம் கிடைக்கின்றன: எஃப் 2.8க்கு மூடி எடுங்கள் என்பது ஒன்று. இதை விற்றுவிட்டு எஃப் 1.2 வாங்குங்கள் என்பது மற்றொன்று. முன்னதைக் கேட்டால் நீங்கள் கொடுத்த பணம் வீண். பின்னதைக் கேட்டால் இன்னும் கொஞ்சம் பணம் வீண். இரண்டையும் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனதால்தான் இந்தப் பதில் சற்று நீளமாகப் போகிறது.

நீங்கள் எந்தக் கேமரா வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. ஏ.பி.எஸ்.-சி சென்சார் (முழு ஃபிரேமைவிடச் சிறியது) கொண்ட டி.எஸ்.எல்.ஆர். என்றும், அதனுடன் வந்த 18-55 ஜூம் லென்ஸில் பழகியவர் என்றும் வைத்துக்கொள்கிறேன். அந்த ஜூமை 55 எம்.எம். வரை நீட்டினால் அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் துளை, எஃப் 5.6க்கு மேல் திறக்காது. அங்கிருந்து எஃப் 1.4க்கு வருவது நான்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது இரு மடங்கு வெளிச்சம்), அதாவது பதினாறு மடங்கு வெளிச்சம். முன்பு 1/8 வினாடியில் கை நடுங்கி வீணான அதே காட்சியை இப்போது 1/125 வினாடியில் எடுக்கலாம். எனவே உங்கள் படங்களில் இப்போது தெரிவது அந்தப் பழைய மங்கல் அன்று. கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். கை ஆடியிருந்தால் படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருக்கும். ஃபோகஸ் தவறியிருந்தால் படத்தில் ஏதோ ஓரிடம் துல்லியமாக இருக்கும்: கண் மங்கலாக இருக்கும், காதிலுள்ள கம்மலின் திருகாணி வரை தெளிவாகத் தெரியும். உங்களுடையவை பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையாகவே இருக்கும் என்பது என் ஊகம்.

காரணம் எளிய கணக்கு. ஏ.பி.எஸ்.-சி சென்சாரில் 50 எம்.எம். லென்ஸை எஃப் 1.4இல் வைத்து ஒரு மீட்டர் தொலைவில் உள்ள முகத்தை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர்தான். ஒன்றரை மீட்டரில் ஐந்து, மூன்று மீட்டரில் இருபது. (எந்த அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து இது மாறும் என்று திருத்த வருபவர்களுக்கு: ஆம், மாறும், திரையில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கினால் இன்னும் குறையும்.) மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் இடையிலேயே அதைவிடக் கூடுதலான தூரம் இருக்கிறது. எதிரில் இருப்பவர் மூச்சு விடுகிறார், நீங்களும் விடுகிறீர்கள். பித்தானைப் பாதி அழுத்திவிட்டு முழுதாக அழுத்துவதற்குள் இருவரில் ஒருவர் ஒரு சென்டிமீட்டராவது அசைந்திருப்பார். இதனுடன், நடு ஃபோகஸ் புள்ளியால் கண்ணைப் பிடித்துவிட்டுக் கேமராவைத் திருப்பிப் படத்தை அமைக்கும் பழக்கமும் சேர்ந்தால் தீர்ந்தது. ஒரு மீட்டர் தொலைவில் கேமராவைப் பதினைந்து பாகை திருப்பினால், ஃபோகஸ் தளம் கண்ணுக்குப் பின்னால் மூன்றரை சென்டிமீட்டர் தள்ளிப்போகிறது. எஃப் 5.6இல் இந்தப் பிழை ஆழத்துக்குள் மறைந்துவிடும், எஃப் 1.4இல் மறைய இடமில்லை. ஆகவே கண் விழும் இடத்திலுள்ள ஃபோகஸ் புள்ளியையே தேர்ந்தெடுத்து, தொடர் ஃபோகஸில் வைத்து, மூன்று நான்கு படங்களாகச் சேர்த்து எடுக்கப் பழகுங்கள்.

நான் இதைப் பழகியது கூத்துக் கொட்டகையில். காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசிப் பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழாவின்போது இரவு பத்து மணி வாக்கில் தொடங்கி விடியும் வரை கட்டைக்கூத்து நடக்கும். ஆட்டத்தை எடுக்கவே பலரும் போவார்கள். எனக்கு அதற்கு முன்பு நடக்கும் ஒப்பனைதான் முக்கியம். ஒரே ஒரு குண்டு பல்பு தொங்கும் கொட்டகையில் கலைஞர்கள் தரையில் அமர்ந்து, இடக்கையில் சிறிய கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, தம் முகத்துக்குத் தாமே அரிதாரம் பூசி, குச்சியால் பொட்டுகளை வரிசையாக வைப்பார்கள். ஒருமுறை யாரோ ஓர் இளைஞர் கைப்பேசி விளக்கை நேராக முகத்தில் அடித்துப் படம் எடுக்கப்போக, கூத்து வாத்தியார் தலையைத் திருப்பாமலே சொன்னார்: "வெளிச்சத்த மூஞ்சில அடிக்காத தம்பி, பொட்டு வெக்கிற கை தடுமாறுது." என்னிடம் ஃபிளாஷும் இல்லை, விளக்கும் இல்லை என்பதாலேயே அந்த மூலையில் உட்கார இடம் கிடைத்தது. வேகமான, அதாவது துளை அகலமாகத் திறக்கும் லென்ஸின் உண்மையான பயன் இதுதான் என்று நான் நினைக்கிறேன்; பின்னணி மங்கலாகி அழகாக வருவதைப் பற்றியே எல்லோரும் பேசுவது எனக்குப் பிடிபடுவதில்லை.

அந்தக் கையடக்கக் கண்ணாடி ஃபோகஸுக்கு ஒரு நல்ல ஆசிரியர். கலைஞரின் தோளுக்குப் பின்னால் இருந்து, கண்ணாடியில் தெரியும் முகத்தை எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி என்னிடமிருந்து எண்பது சென்டிமீட்டரில் இருக்கிறது. அவர் முகத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே முப்பது சென்டிமீட்டர். முகத்தின் பிம்பம் கண்ணாடியின் பரப்பில் இல்லை. அதற்கு அப்பால் முப்பது சென்டிமீட்டர் தள்ளி, என்னிடமிருந்து நூற்றுப்பத்தில் இருக்கிறது. தானியங்கி ஃபோகஸ் கண்ணாடியின் பிளாஸ்டிக் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பச்சை விளக்கு காட்டும். படத்தில் விளிம்பும் அதிலுள்ள கீறலும் துல்லியமாக இருக்கும், முகம் கரைந்திருக்கும். எஃப் 8இல் எடுப்பவருக்கும் இந்தச் சிக்கல் முழுதாக மறையாது, குறையத்தான் செய்யும். எஃப் 1.4இல் லைவ் வியூவை (பின்திரையில் நேரடியாகத் தெரியும் காட்சியை) பத்து மடங்கு பெரிதாக்கி, கையால் வளையத்தைத் திருப்பி, குச்சி முனை கன்னத்தைத் தொடும் இடத்தில் நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. வியூஃபைண்டர் வழியாகவே கையால் ஃபோகஸ் செய்யலாமே என்றால், பெரும்பாலான டி.எஸ்.எல்.ஆர்.களின் ஃபோகஸ் திரை ஏறத்தாழ எஃப் 2.8க்கு உரிய ஆழத்தைத்தான் காட்டும். அங்கே தெளிவாகத் தெரிவது படத்தில் தெளிவாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இப்போது வரும் மிரர்லெஸ் கேமராக்களில் கண்ணைத் தானே கண்டுபிடித்து ஃபோகஸ் செய்யும் வசதி இருக்கிறதே, இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பீர்கள். நல்ல வசதிதான்; குழந்தைகளை எடுக்க அதைவிட மேலானது இல்லை. ஆனால் முழு அரிதாரம் பூசி, கண்ணைச் சுற்றிப் பொட்டுகள் வைத்து, கண்ணாடிச் சில்லுகள் பதித்த கட்டைக் கிரீடமும் புஜக்கட்டையும் அணிந்து ஒருவர் வந்து நின்றால், அந்த வசதி அவரை மனித முகமாகவே ஏற்றுக்கொள்ளாமல் பின்னால் உட்கார்ந்திருக்கும் சிறுவனின் முகத்தைப் பிடித்த அனுபவம் எனக்கு உண்டு. இல்லாவிட்டால் மின்னும் கண்ணாடிச் சில்லில் போய் நிற்கும். அப்போது ஒற்றைப் புள்ளிக்கு மாறத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆட்டம் தொடங்கியபின் வேறொரு தொல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் குழல் விளக்குகளும் மலிவான எல்.இ.டி. விளக்குகளும் வினாடிக்கு நூறு முறை துடிக்கும். 1/100 வினாடியில் எடுத்தால் ஒரு துடிப்பு முழுமையாக விழுந்து படங்கள் ஒரே சீராக இருக்கும். 1/250க்குப் போனால் அடுத்தடுத்த படங்களில் வெளிச்சமும் நிறமும் மாறி மாறி வரும். கலைஞர் சுழலும்போது 1/100 போதாது. ஆனால் சுழன்று முடிந்து தாளத்தோடு ஒரு கணம் நிற்பார், அங்கே போதும். எனவே சுழற்சியை விட்டுவிட்டு நிற்பதை எடுக்கிறேன். ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளியுணர்வு அளவு) பெரும்பாலும் 1600க்கும் 3200க்கும் இடையில் அமைகிறது. மஞ்சள் வெளிச்சத்தில் சிவப்பு அரிதாரம் சிவப்புச் சேனலை முதலில் நிரப்பிவிடும் என்பதால், வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் சிவப்பைத் தனியாகப் பார்த்து முக்கால் ஸ்டாப் குறைத்து, ரா வடிவில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக) எடுத்துக்கொள்ளுங்கள். பின்திரையை நம்ப வேண்டாம். இருட்டில் அது எப்போதும் உண்மையைவிட வெளிச்சமாகத்தான் தெரியும்.

இங்கே ஒரு மனக்குறையைச் சொல்லாமல் நகர முடியவில்லை. சில ஆண்டுகளாக எந்த ஊர்க் கூத்துக்குப் போனாலும், எந்தத் திருமணத்துக்குப் போனாலும், வீடியோ எடுப்பவர்கள் பெரிய எல்.இ.டி. பலகை ஒன்றை மார்பு உயரத்தில் பிடித்து நேர் எதிரே நிற்கிறார்கள். கலைஞரின் கண் கூசுகிறது, முகத்தில் இருந்த நிழல் முழுவதும் அழிந்து அரிதாரம் சுவரொட்டியைப் போலத் தட்டையாகிவிடுகிறது, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பாட்டிமார்கள் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொள்கிறார்கள். வீடியோ எடுப்பவர்களின் பிழைப்பு அது, நான் பொழுதுபோக்காக எடுப்பவன், எனவே சண்டை போடுவதில்லை. ஆனாலும் அவர்கள் கையிலுள்ள கேமராக்கள் என்னுடையதைவிட இருட்டில் நன்றாகப் பார்ப்பவை என்பது தெரிந்த பிறகு எரிச்சல் வரத்தான் செய்கிறது.

ஐ.எஸ்.ஓ.வை 12800க்கு ஏற்றி, மென்பொருளில் நாய்ஸை (படத்தில் விழும் புள்ளிப் புள்ளியான இரைச்சலை) நீக்கிவிடலாமே என்பவர்களிடம் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. செய்து பார்த்திருக்கிறேன், வியக்கத்தக்க அளவில் நன்றாக வருகிறது. எஃப் 1.2க்கு மாறச் சொல்பவர்களிடம்தான் மறுப்பு. எஃப் 1.4இலிருந்து எஃப் 1.2க்குப் போனால் கிடைப்பது அரை ஸ்டாப்புக்கும் குறைவு. விலையும் எடையும் அந்த விகிதத்தில் ஏறுவதில்லை. பல மடங்கு ஏறுகின்றன. இன்னும் வேகமான லென்ஸ் என்றாலே மேற்கோள் காட்டப்படுவது 1975இல் வந்த 'பாரி லிண்டன்' படமும், நாசாவுக்காக 1960களில் செய்யப்பட்ட ஸைஸ் 50 எம்.எம். எஃப் 0.7 லென்ஸை வைத்து ஸ்டான்லி குப்ரிக் மெழுகுவர்த்தி ஒளியில் எடுத்த காட்சிகளும்தாம். லென்ஸைப் பற்றிப் பேசுபவர்கள், அந்தக் காட்சிகளில் ஃபோகஸ் எப்படிப் பிடித்தார்கள் என்பதைப் பேசுவதில்லை. நடிகர்கள் அதிகம் அசையாமல் அமர்ந்திருந்தார்கள். பக்கவாட்டில், கேமராவுக்குச் செங்கோணத்தில் ஒரு வீடியோ கேமராவை வைத்து, நடிகரின் தலை முன்னே வருகிறதா பின்னே போகிறதா என்று திரையில் அளந்தார்கள். அத்தனை வேகமான லென்ஸை வைத்துக்கொண்டு அவர்கள் செய்த வேலை, தூரத்தை அளப்பதுதான்.

வீட்டில் பழகுவதற்குக் குத்துவிளக்கைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை. ஐந்து முகமும் ஏற்றி, மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரு மீட்டரில் அமருங்கள். முன் முகத்துக்கும் பின் முகத்துக்கும் இடையிலுள்ள சில சென்டிமீட்டரே எஃப் 1.4இல் பெரிய தூரம். முன் திரியைப் பிடித்தால் நடுவிலுள்ள அன்னம் கரையும். அன்னத்தைப் பிடித்தால் முன் சுடர் உருண்டையாகிவிடும். சுடரில் ஃபோகஸ் வைக்க முயலாதீர்கள். அது ஆடிக்கொண்டே இருப்பதால் லென்ஸ் முன்னும் பின்னுமாகத் தேடும். திரி படுத்திருக்கும் பித்தளை விளிம்பைப் பிடியுங்கள். சுற்றிலும் இருட்டு என்பதால் கேமரா படத்தைத் தேவைக்கு மேல் வெளிச்சமாக்கப் பார்க்கும். ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வரை குறைத்துப் பாருங்கள். ஓரத்தில் சுடர் விழும்படி ஒரு படம் எடுத்தால், அந்த ஒளிப்புள்ளி இறக்கை விரித்தாற்போல் நீண்டிருப்பதைக் காணலாம். அது கோமா என்னும் லென்ஸ் பிழை, பழுது அன்று. நிக்கான் 1977இல் கொண்டுவந்த 58 எம்.எம். எஃப் 1.2 நாக்ட் லென்ஸின் முன் கண்ணாடியைக் கையால் தேய்த்து உருவாக்கியதே இதைக் குறைப்பதற்காகத்தான். முழுத் திறப்பில் ஓரங்கள் இருண்டு தெரிவதும், விளிம்புகளில் ஊதாவும் பச்சையும் கசிவதும் அதே கணக்கில் சேரும். எஃப் 2, எஃப் 2.8 என்று மூட மூட இவை குறையும்.

அடுத்தது, தூரத்தைக் கண்ணால் மதிப்பிடும் பயிற்சி. எதிரில் உள்ள நாற்காலி ஒன்றரை மீட்டரா, இரண்டா என்று மனத்தில் சொல்லிவிட்டு, ஃபோகஸ் செய்து, லென்ஸின் மேலுள்ள அளவுகோலைப் பாருங்கள். உங்களுடைய லென்ஸில் அது இருந்தால் நீங்கள் பாக்கியசாலி. இப்போது வரும் லென்ஸ்கள் பலவற்றில் அதை எடுத்தே விட்டார்கள். இல்லாவிட்டால் தையல் நாடா போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் தீரவில்லை என்றால் லென்ஸைச் சோதிக்கலாம். கேமராவை ட்ரைபாடில் நிறுத்தி, ஓர் அளவுகோலைச் சாய்வாக வைத்து, எஃப் 1.4இல் அதன் ஒரே கோட்டை முதலில் வியூஃபைண்டர் வழியாகவும், பிறகு லைவ் வியூவில் பெரிதாக்கியும் ஃபோகஸ் செய்து, பலமுறை எடுங்கள். பிழை சில நேரம் முன்னும் சில நேரம் பின்னுமாக வந்தால் லென்ஸைச் சந்தேகிப்பதை விட்டுவிடுங்கள். லைவ் வியூவில் எல்லாம் சரியாகவும், வியூஃபைண்டரில் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் ஒரே அளவு தள்ளியும் வந்தால், கேமராவும் லென்ஸும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். நடுத்தர, உயர்ரகக் கேமராக்கள் பலவற்றின் மெனுவிலேயே இதைச் சரிசெய்யும் வசதி இருக்கிறது. தொடக்கநிலை மாடல்களில் பெரும்பாலும் இருக்காது. அப்படியானால் சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது கேமராவையும் லென்ஸையும் சேர்த்தே கொண்டுபோங்கள். லென்ஸை மட்டும் கொடுத்தால், அவர்களிடம் இருக்கும் வேறொரு கேமராவில் பொருத்திப் பார்த்துவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்று அப்படியே திருப்பித் தந்துவிடுவார்கள்.